சப்வூஃபர் வாங்கும் முன் ஹாலை அளந்துவிடுங்கள்

எங்கள் அப்பா கரூர்ப் பக்கம் முப்பது வருடம் மைக் செட் போட்டவர். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் டெம்போவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பெட்டிகளை இறக்கி, வயர் இழுத்து, ஒரு பாட்டை ஓடவிட்ட பிறகு அவர் ஆம்ப் பக்கத்தில் நிற்கவே மாட்டார். பந்தலின் கடைசி வரிசை, பந்தி பரிமாறும் இடம், சன்னதி வாசல் என்று நடந்துகொண்டே இருப்பார். திரும்பி வந்து, "கண்ணு, அந்த வலப்பக்கப் பெட்டியை ரெண்டடி முன்னால இழு" என்பார். இழுப்பேன். சத்தம் மாறிவிடும். ஆம்ப்பில் ஒரு குமிழைக்கூட அவர் தொட்டிருக்க மாட்டார்.

கோவையில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த பிறகு முதல் சப்வூஃபர் (பேஸ் எனப்படும் ஆழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர் பெட்டி) வாங்கும்போது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. 12 இன்ச், துளை வைத்த பெட்டி. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. சோஃபா ஹாலின் நட்டநடுவில். படத்தைப் போட்டால், குண்டு வெடிக்கிற காட்சியில் சோஃபாவில் ஒன்றுமே தெரியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனால் அங்கே பாத்திர ஸ்டாண்ட் அதிர்கிறது. பெட்டியில்தான் கோளாறு என்று முடிவு செய்து, கடையில் திருப்பிக் கொடுத்து, மேலே பணம் கட்டி இன்னும் பெரியதாக ஒன்றை எடுத்துவந்தேன். மறுபடியும் அதேதான். சோஃபாவில் இல்லை, சமையலறையில் உண்டு.

அப்பா ஒரு வாரம் வந்து தங்கியபோது அவரிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோஃபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பின்சுவரில் போய்ச் சாய்ந்து நின்றார். ஜன்னல் பக்கம் போனார். "பெட்டி நல்லாத்தான் இருக்குது கண்ணு. நீ உட்கார்ற எடத்துலதான் சத்தம் இல்ல" என்றார்.

அன்று மாலை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ததையும், அப்புறம் நானே அளந்தும் படித்தும் தெரிந்தவர்கள் வீடுகளில் பொருத்தியும் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். வாங்குவதற்கு முன்பே படித்துவிட்டால், எனக்கு ஆன வீண் செலவு உங்களுக்கு ஆகாது.

முதலில் டேப்பை எடுங்கள்

சப்வூஃபரின் வேலை 20 ஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸ் வரை. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் ஹெர்ட்ஸ். நம் காதுக்கு எட்டும் ஒலிகளின் அடித்தட்டு அது. அங்கே ஒலி அலைகள் மிக நீளமானவை. ஒலி ஒரு நொடியில் சுமார் 1130 அடி போகிறது. அந்தக் கணக்கில் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 28 அடி நீளம். 20 ஹெர்ட்ஸ் என்றால் 56 அடி. நம் வீட்டு ஹாலோ 16 அடி, மிஞ்சிப்போனால் 20 அடி. அலை ஹாலை விடப் பெரிதாக இருப்பதால், பெட்டியிலிருந்து கிளம்பிய சத்தம் நேராக வந்து காதில் விழுந்து முடிந்துவிடுவதில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே முட்டி மோதி, தொட்டித் தண்ணீரைப் போல ஹால் முழுக்க ஆடுகிறது. துணி துவைக்கும் தொட்டியை ஒரு பக்கமாக அசைத்துப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஏறி இறங்கும். நடுவில் மட்டம் அப்படியே இருக்கும். அந்த அசையாத நடுவில்தான் என் சோஃபா கிடந்தது. சமையலறை வாசல் தொட்டியின் ஓரத்தில் இருந்தது.

எந்த ஒலி இப்படி ஆடும் என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 565ஐ ஹாலின் நீளத்தால் வகுங்கள், நீளம் அடியில் இருக்கட்டும். என் ஹால் 16 அடி நீளம்: 35 ஹெர்ட்ஸ். 12 அடி அகலம்: 47 ஹெர்ட்ஸ். 10 அடி உயரம்: 56 ஹெர்ட்ஸ். இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் அதே ஆட்டம் உண்டு. இப்போது பேஸ் கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு கம்பிகளையும் சும்மா மீட்டினால் சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் வரும். அந்தக் கம்பிகளில் விரல் மேலே ஏறும்போது 47ஐத் தாண்டித்தான் போயாக வேண்டும். என் வீட்டில் ஒரு பாட்டின் பேஸ் கிட்டார் படியேறி வரும்போது ஒரு ஸ்வரம் மட்டும் வீங்கிப்போய் 'பூம்' என்று நின்றதும், அதற்கு முந்தைய ஸ்வரம் எங்கே போனது என்றே தெரியாமல் போனதும் இதனால்தான்.

நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கதியும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள் அதிகம். அந்தப் பலகை பேஸுக்குக் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், கொஞ்சத்தைத் தின்றுவிடும், மீதியில் கொஞ்சம் வெளியே கசியும். நம் வீட்டில் செங்கல் சுவர், கான்கிரீட் மேல்தளம், டைல்ஸ் தரை. எதுவும் நெளியாது. பெட்டி கொடுத்த பேஸ் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருக்கும். இதில் லாபமும் உண்டு நஷ்டமும் உண்டு. சின்னப் பெட்டியே நமக்கு நிறையச் சத்தம் தரும். ஆனால் வீங்கும் ஸ்வரங்கள் நம் வீட்டில் இன்னும் மோசமாக வீங்கும், நிற்கவும் நேரமாகும். அதனால் அவர்கள் '15 இன்ச் எடு' என்று சொல்லும் அறைக்கு நமக்கு அது தேவைப்படாமல் போகலாம். பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது அவர்களை விட நமக்குத்தான் முக்கியம்.

கனமான திரைச்சீலை போட்டால் சரியாகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. திரைச்சீலையும் தரைவிரிப்பும் மேல் ஒலிகளின் எதிரொலியைக் குறைக்கும்; வசனம் தெளிவாகும், அதற்காகப் போடுங்கள். 28 அடி அலைக்குத் துணி இருப்பதே தெரியாது.

எதை வாங்குவது

டிவியைவிட சப்வூஃபர் பெட்டிக்குத்தான் விளம்பரத்தில் பொய் அதிகம். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக பிஎம்பிஓ என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கும் எண்தான் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு பத்து மடங்கு சக்தி வேண்டும். 150 வாட்ஸுக்கும் 200 வாட்ஸுக்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

பார்க்க வேண்டிய எண், பெட்டி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான். '28 ஹெர்ட்ஸ், மைனஸ் 3 டெசிபல்' என்று போட்டிருந்தால், அந்த இடத்தில் சத்தம் 3 டெசிபல்தான் குறைந்திருக்கிறது என்று பொருள், நம்பலாம். வெறுமனே '25 ஹெர்ட்ஸ் முதல்' என்று மட்டும் இருந்தால், அது மைனஸ் 10 டெசிபலில் சொன்னதாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் சத்தம் பாதியாகக் குறைந்திருக்கும். கீழே இறங்குவது சும்மா வருவதில்லை. 40 ஹெர்ட்ஸில் தரும் அதே அளவு சத்தத்தை 20 ஹெர்ட்ஸில் தர, கோன் (பெட்டியில் முன்னும் பின்னும் அசையும் வட்டப் பகுதி; 12 இன்ச் என்பது இதன் குறுக்களவு) நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். கோனின் அளவு முக்கியமாவது இங்கேதான். 8 இன்ச் கோனோடு ஒப்பிட்டால் 12 இன்ச் கோனின் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஒரே டப்பாவில் எல்லாம் சேர்ந்து வரும் 5.1 செட்டுகளில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்பும்) இருக்கும் ஆறரை இன்ச், 8 இன்ச் ஊஃபர்கள் 45, 50க்குக் கீழே முனகுவதோடு நின்றுவிடுவதற்குக் காரணமும் இதுதான்.

சீல்டா, போர்ட்டா என்ற கேள்விக்கு வருவோம். சீல்டு என்றால் முழுக்க மூடிய பெட்டி. போர்ட் என்றால் துளை வைத்து, அந்தத் துளையின் காற்றும் சேர்ந்து முழங்கும்படி செய்தது. போர்ட் வைத்த பெட்டி அதன் துளை ஒத்திசையும் இடம் வரை நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வீதம் மளமளவென்று விழும். மூடிய பெட்டி முன்கூட்டியே குறைய ஆரம்பித்தாலும் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் மெதுவாகத்தான் குறையும். இறுக்கமான கான்கிரீட் அறை கீழ் ஒலிகளுக்குத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால், சின்ன அறையில் மூடிய பெட்டியின் குறை பெரும்பாலும் ஈடாகிவிடும்.

10க்கு 12 அடி பெட்ரூமில் டிவி பார்ப்பவருக்கு நான் சொல்வது 10 இன்ச் சீல்டு. என் ஹாலைப் போல 16க்கு 12 என்றால் 12 இன்ச் சீல்டு. ஹாலும் டைனிங்கும் கதவில்லாமல் சேர்ந்து மாடிப்படியும் திறந்து கிடக்கும் தனிவீடு என்றால், அந்த மொத்த இடத்தையும் கணக்கில் எடுங்கள், சோஃபா கிடக்கும் பகுதியை மட்டும் அளக்காதீர்கள். அங்கே 12 இன்ச் போர்ட் தேவைப்படும். ஒரு உதாரணத்துக்கு, எஸ்விஎஸ் நிறுவனத்தின் எஸ்பி-1000 ப்ரோ 12 இன்ச் சீல்டு. அதே 12 இன்ச், அதே 325 வாட்ஸ் ஆர்எம்எஸ், பெரிய போர்ட் பெட்டிக்குள் இருந்தால் பிபி-1000 ப்ரோ. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆழமாக இறங்க எவ்வளவு இடத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்று கண்ணாலேயே தெரியும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் துளையைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டில், புதுப் பெட்டி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். கவிழ்த்துக் குலுக்கினோம். மூன்று கோலிக்குண்டும் ஒரு பென்சில் துண்டும் வந்து விழுந்தன.

பட்ஜெட்டுக்குள் ஒரு பெரிய பெட்டியா, இரண்டு நடுத்தரப் பெட்டிகளா என்ற நிலை வந்தால் இரண்டை எடுங்கள். இதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஒலிக்கருவிகள் செய்யும் ஹர்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி 2002ஆம் ஆண்டிலேயே இதை விரிவாக ஆராய்ந்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஆளுக்கொன்றாக இரண்டு சப்வூஃபர் வைத்தால், ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெகுவாகக் குறைகிறது. நான்குக்கு மேல் வைப்பதில் பெரிய லாபமில்லை என்பது அவர் கண்டது. தொட்டித் தண்ணீரையே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளினால் ஆடும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சமமாகத் தள்ளினால் அந்த ஆட்டம் எழும்பாது. தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒன்று போதும். குடும்பமாகப் பார்க்கும் வீட்டுக்கு இரண்டு. இப்போது ஒன்றை வாங்கிவிட்டு, அடுத்த தீபாவளி போனஸில் அதே மாடலில் இன்னொன்று வாங்கலாம்.

சவுண்ட்பாரோடு வயர்லெஸ்ஸாக வரும் ஊஃபருக்கும் இடம் பார்க்கும் வேலை அதேதான். மற்ற செட்டிங்குகள் அதில் பெரும்பாலும் நம் கையில் இருக்காது.

இடம் தேடுதல்

இதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். அவசரப்பட வேண்டாம்.

முதலில் சோஃபா. ஹாலின் நீளத்தில் நட்டநடு வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம். நடுவில் இளைக்கும், சுவரோரம் வீங்கும். பின்சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தலை வரும்படி போட்டால் நல்ல தொடக்கம். என் ஹாலில் அது ஐந்தேகால் அடி. இடம் இல்லை, சுவரோரம்தான் போட முடியும் என்றால் ஒரு அடியாவது முன்னால் இழுங்கள். அந்த ஒரு அடிக்கே சத்தம் மாறும்.

அடுத்து சப்வூஃபரைத் தூக்கி, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். ஆமாம், சோஃபா மேலேயே. தூக்க இரண்டு பேர் வேண்டும். பேஸ் கிட்டார் மெதுவாக மேலும் கீழும் போகும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். வெறும் டிரம்ஸ் உதவாது, அது ஒரே ஸ்வரத்தில் அடித்துக்கொண்டிருக்கும். இப்போது பெட்டி வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் தரைமட்டத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே ஹாலைச் சுற்றி வாருங்கள். பெட்டியும் காதும் இடம் மாறிக்கொண்டாலும் இரண்டுக்கும் நடுவில் அறை செய்யும் வேலை மாறாது. அதனால் காது எங்கே சமமாகக் கேட்கிறதோ, பெட்டியை அங்கே வைத்தால் சோஃபாவில் அதே சமநிலை கிடைக்கும்.

ஆங்கிலத்தில் இதைத் தவழ்வது என்றே பெயர் வைத்துச் சொல்வார்கள். அப்பாவுக்கு முழங்கால் மடக்க முடியாது. அதனால் பூஜை அறையிலிருந்து மணையை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டடிக்கு ஒரு முறை மணையைத் தள்ளி, தலையைக் குனிந்து, கண்ணை மூடி, ஒரு முழுச் சுற்று கேட்டார். டிவி ஸ்டாண்ட் பக்கத்தில், நான் பெட்டி வைத்திருந்த அதே இடத்தில், உதட்டைப் பிதுக்கினார். வலது மூலையில் உட்கார்ந்ததும், "எல்லாம் ஒரே கூழா இருக்குது" என்றார். மூலையில் சத்தம் அதிகம், ஆனால் ஹாலின் எல்லா ஆட்டங்களும் அங்கே ஒன்றாக எழும்பும். இடது சுவரில், ஜன்னலுக்குக் கீழே, மூலையிலிருந்து மூன்றரை அடி தள்ளி வந்தபோது தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் காட்டினார். நானும் போய்த் தரையில் காதை வைத்தேன். கிட்டாரின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் வந்தது. அங்கே தையல் மிஷின் நின்றது. அதை பெட்ரூமுக்கு மாற்றினோம்.

கேட்கும்போது எங்கே சத்தம் அதிகம் என்று தேடாதீர்கள். எங்கே எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கிறது என்று தேடுங்கள். சத்தம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம். வீக்கத்தைக் குமிழால் குறைக்கப் போனால் மற்ற எல்லாமும் சேர்ந்து குறையும்.

அந்த இடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை, பெரியவர்கள் நடக்கும் வழி என்றால் இரண்டாவது நல்ல இடத்தை எடுங்கள். பின்பக்கம் துளை உள்ள பெட்டி என்றால் சுவருக்கும் அதற்கும் அரை அடியாவது இருக்கட்டும். டிவி ஸ்டாண்டின் அலமாரிக்குள் மட்டும் எந்தப் பெட்டியையும் தள்ளாதீர்கள்.

வயரும் ரிசீவரும்

ரிசீவரின் (டிவி, பிளேயரின் ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்) பின்னால் 'சப் அவுட்' அல்லது 'ப்ரீ அவுட் சப்வூஃபர்' என்ற ஒற்றைத் துளையிலிருந்து ஒரே ஒரு ஆர்சிஏ வயர். சப்பின் பக்கம் 'எல்எஃப்இ' (படத்தின் பேஸுக்கென்று இருக்கும் தனிச் சேனல்) என்று எழுதிய துளை இருந்தால் அதில், இல்லாவிட்டால் இடப்பக்கத் துளையில். நல்ல ஷீல்டு உள்ள வயர் போதும்; தங்க முலாம், தனி வயர் என்று ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

சப்பின் முதுகில் மூன்று குமிழ்கள் இருக்கும். எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சப்புக்கு என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் குமிழை முழுக்கத் திருப்பி உச்சத்தில் விட்டுவிடுங்கள், அந்த வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் பிரிக்கவிட்டால் இரட்டைப் பிரிப்பாகி 80க்குப் பக்கத்தில் பள்ளம் விழும். சத்தக் குமிழ் பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஃபேஸ் (சப்பும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் தள்ளும்படி பொருத்தும் குமிழ்) இப்போதைக்கு 0. 'ஆட்டோ' என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் 'ஆன்' பக்கம் தள்ளுங்கள். ராத்திரி சத்தம் குறைத்துப் படம் பார்க்கும்போது ஆட்டோவில் பெட்டி தூங்கிவிடும்.

ரிசீவரில், மைக்கால் ஹாலை அளந்து தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ செட்டப்பை ஓடவிடுங்கள். டெனான், மராண்ட்ஸில் அது ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ. கூடவே வரும் மைக்கை சோஃபாவின் முதுகில் சாய்த்து வைக்காமல், காது உயரத்தில் கேமரா ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சீலிங் ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஃபேன் காற்று மைக்கில் பட்டால் கீழ் ஒலிகளில் அது ஏதேதோ அளக்கும். குக்கர் விசில் வரும் நேரம் வேண்டாம். படம் பார்க்கும்போது கதவு எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும், ஒரு கதவைத் திறந்தாலே பேஸ் மாறும்.

அது முடிந்ததும் மெனுவுக்குள் போய் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை ரிசீவர் 'லார்ஜ்' என்று எடுத்திருந்தால் 'ஸ்மால்' ஆக்குங்கள். பெரிய ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு இந்தச் சொல் மனசு கேட்காது. ஆனால் அதற்கு அர்த்தம், '80க்குக் கீழே உள்ளதை சப்புக்கு அனுப்பு' என்பது மட்டும்தான். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். திரையரங்க ஒலிக்குத் தரம் வகுத்த டிஎச்எக்ஸ் தேர்ந்த எண்ணும் அதுதான். முன் ஸ்பீக்கர்கள் மூன்று இன்ச் கோன் கொண்ட குட்டிகளாக இருந்தால் 120 வரை ஏற்றலாம், ஆனால் 80க்கு மேலே போகப் போக சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்க ஆரம்பிக்கும். 'எல்எஃப்இ-க்கான லோ பாஸ்' என்று தனியாக இருந்தால் அது 120. 5.1இல் கடைசியில் வரும் அந்தப் புள்ளி ஒன்று தனிச் சேனல். அதன் எல்லை 120 வரை.

சப் இருக்கும் தூரத்தை ரிசீவர் உண்மையான தூரத்தை விட அதிகமாகக் காட்டினால் திருத்த வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து அது சொல்கிறது.

ஃபேஸைச் சரிபார்க்க 80 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் நிற்கும் சோதனை ஒலி) ஒன்றை முன் ஸ்பீக்கர்களிலும் சப்பிலும் சேர்ந்து ஒலிக்கும்படி போடுங்கள். நீங்கள் சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை 0க்கும் 180க்கும் மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விடுங்கள். சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று இழுக்காமல் சேர்ந்து தள்ளுகின்றன என்று பொருள்.

ஆட்டோ செட்டப் வைத்த சத்தம் பலருக்குக் குறைவாகத் தோன்றும். ரிசீவர் மெனுவில் இரண்டு, மூன்று டெசிபல் கூட்டிக்கொள்வதில் தப்பில்லை. அதற்கு மேல் கூட்டத் தோன்றினால் ஒரு வாரம் பொறுங்கள். 'திம் திம்' கேட்டுப் பழகிய காதுக்குச் சமமான பேஸ் முதலில் வெறுமையாகத்தான் தெரியும். மெதுவாகக் கேட்கும்போது பேஸ் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. நம் காதே அப்படித்தான். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். ஆடிஸியில் 'டைனமிக் ஈக்யூ', யமஹாவில் 'ஒய்பிஏஓ வால்யூம்' என்று இருப்பது இதை ஈடுகட்டத்தான். ராத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்கள் கணினியில் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு யூஎஸ்பி அளவீட்டு மைக் வாங்கினால் தங்கள் ஹாலின் மேடு பள்ளத்தைப் படமாகவே பார்க்கலாம். அப்பா கை காட்டிய இடத்தை நான் பிறகு அப்படி அளந்தேன். நான் அளந்த ஆறு இடங்களில் கோடு அதிகம் மேடு பள்ளம் இல்லாமல் வந்தது அங்கேதான்.

கடகடப்பும் உறுமலும்

இப்போது 20இலிருந்து 120 வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பேஸ் சரியில்லை என்று நினைப்பதில் பாதி, வீட்டுச் சாமான்கள் போடும் சத்தம். எங்கள் வீட்டில் 38இல் பீரோ கதவு, 52இல் ஜன்னல் கிரில்லின் ஒரு கொக்கி, 60ஐத் தாண்டியதும் சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள். கண்டுபிடிக்க நாளானது ஷோகேஸின் தள்ளுகண்ணாடி. 47க்கு வந்தால் மட்டும் ஒரு மெல்லிய 'ஙீ' கேட்கும். கொலு பொம்மைகளில் ஏதோ ஒன்று என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கடைசியில் விரல் நுனியைக் கண்ணாடியின் விளிம்பில் வைத்தேன், சத்தம் நின்றது. எடுத்தேன், வந்தது. அலுமினியத் தடத்தில் கண்ணாடி ஒரு நூல் அளவு லூசாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஃபெல்ட் துணியை மெல்லிய பட்டையாக வெட்டி தடத்தில் செருகியதும் அடங்கியது. பீரோவுக்கு ரப்பர் பொட்டு ஒட்டினேன்.

படம் ஓடாதபோதும் பெட்டி 'ம்ம்ம்' என்று உறுமினால் அது பெரும்பாலும் எர்த் கோளாறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த உறுமலும் அதே சுருதியிலோ அதன் இரட்டிப்பிலோ இருக்கும். ஆர்சிஏ வயரைச் சப்பிலிருந்து பிடுங்குங்கள். உறுமல் நின்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, வேறு வழியாக வருகிறது. அப்புறம் வயரைத் திரும்பச் செருகி, செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் பிடிபட்டது. கேபிள் வயருக்கு நடுவில் ஐசோலேட்டர் ஒன்றைப் போட்டால் தீரும். ரிசீவரையும் சப்பையும் ஒரே போர்டில் செருகினாலும் பல சமயம் நின்றுவிடும். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் செருகச் சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கேட்காதீர்கள். உறுமல் போய்விடும், அதோடு ஷாக்கிலிருந்து உங்களைக் காக்கும் வழியும் போய்விடும்.

ஃப்ளாட்டில் கீழ்வீட்டுக்காரர்களை நினைக்காமல் எதையும் முடிக்க முடியாது. பெட்டிக்கு அடியில் கனமான ஃபோம் அல்லது ரப்பர் தளம் போட்டால் தரை வழியாக நேராக இறங்கும் அதிர்வு குறையும். காற்று வழியே போவதை அது தடுக்காது. அதிகம் உதவுவது பெட்டியை சோஃபாவுக்கு அருகே, கையெட்டும் தூரத்தில் வைப்பது. பக்கத்திலிருந்து வருவதால் குறைந்த சத்தமே உங்களுக்குப் போதும், கீழ்வீட்டுக்குப் போவதும் குறையும். நான் ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, மேலே படத்தை ஓடவிடச் சொல்லிக் கேட்டேன். அவர்கள் பாட்டியின் கட்டில் சரியாக என் சப்புக்குக் கீழே. இப்போது ஒன்பதரைக்கு மேல் ரிசீவரில் சப்பை 6 டெசிபல் இறக்கிவிடுவேன்.

கடைசியாக ஒரு சோதனை. உங்களுக்கு மிகவும் பழகிய படத்தின் ஒரு காட்சியை ஓடவிட்டு, பாதியில் சப்பை அணையுங்கள். அதுவரை எல்லாச் சத்தமும் திரையிலிருந்தே வந்ததாகத் தோன்றி, அணைத்ததும் ஹால் சட்டென்று சின்னதாகிவிட்டது போல இருந்தால் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. அணைக்கும் முன்பே பெட்டி எங்கே இருக்கிறது என்று கண் போய்க்கொண்டிருந்தால் சத்தம் அதிகம், அல்லது கிராஸ்ஓவர் மேலே இருக்கிறது.

சரியான இடம் கிடைத்ததும் நெயில் பாலிஷால் ஒவ்வொரு குமிழின் பக்கத்திலும் ஒரு பொட்டு வையுங்கள். பெட்டியின் நான்கு காலுக்கும் தரையில் பென்சில் கோடு. வீடு துடைக்கும்போது நகரும், விருந்தினர் வீட்டுப் பையன் திருகுவான். பொட்டையும் கோட்டையும் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம்.